டெய்சியில் புது ரகம் எடுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

பெங்களூரில் மொட்டை மாடியிலோ வீட்டு முன்வாசலிலோ ஜெர்பரா, சாமந்தி, சைனா ஆஸ்டர், சாஸ்தா டெய்சி இவற்றில் ஏதாவது ஒன்றின் செடிகளை ஒன்றோடொன்று கலந்து சொந்தமாக ஒரு ரகம் எடுக்கப் பார்ப்பவர்களுக்கான குறிப்பு இது. எந்த இடத்தில் சிக்கியிருக்கிறீர்களோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கும் காரணம் கடைசியில்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவான ஒரே விஷயம்: டெய்சியில் நாம் ஒரு பூ என்று சொல்வது சின்னச் சின்னப் பூக்கள் கூடிய ஒரு தலை. இதழ் போல நீண்டிருப்பவை ஓரப் பூக்கள். அவை பெண். நடுவில் பொத்தான் போல அடர்ந்திருப்பவை நடுப் பூக்கள். மகரந்தம் அங்கிருந்துதான் வரும். கைலார்டியா ஒரு விதிவிலக்கு. அதன் ஓரப் பூ மலடு, நடுவில்தான் விதை பிடிக்கும். அதன் ஓரத்தில் பிரஷ் வைத்து மாதக்கணக்கில் வீணாக்கியவர்கள் நிறைய.

கையில் வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0 எண் ஓவியப் பிரஷ், சிக்பேட்டையில் தாம்பூலத்துக்கு விற்கும் சின்ன ஆர்கன்சா பை (தேனீ வராமல் தலையை மூட), நாலைந்து நிற எம்பிராய்டரி நூல், பிளாஸ்டிக் லேபிள், பென்சில். ஆம், பென்சில்தான். மார்க்கர் மை ஒரு வெயில் காலத்தில் வெளுத்துவிடும். பென்சில் எழுத்து லேபிள் உடையும்வரை நிற்கும்.

அறிகுறி 1: மகரந்தம் தடவியும் விதை பிடிக்கவில்லை

முதலில் தலை எப்படிப் போனது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

*1அ. தலை முற்றுவதற்கு முன்பே வாடிச் சாய்ந்துவிட்டது*

தண்டை விரலால் தடவிப் பாருங்கள். தலைக்குக் கீழே மெலிந்து மடிந்திருந்தால் தண்ணீர்க் குறை அல்லது பையின் பாரம். மழையில் நனைந்த பை தலையை இழுத்துக்கொண்டு தொங்கும். ஜெர்பராவின் தண்டு உள்ளே பொள்ளல் என்பதால் அது உடனே மடியும். ஒரு குச்சி நட்டுத் தண்டைத் தளர்வாகக் கட்டுங்கள், பையின் பாரம் குச்சியில் இருக்கட்டும்.

தலையின் நடுவில் சாம்பல் நிறப் பூசணம் தெரிந்தால் காரணம் ஈரம். பாலித்தீன் பை போட்டிருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம். உள்ளே வியர்த்து அழுகிவிடும். ஆர்கன்சா அல்லது மெல்லிய மஸ்லின் மட்டும் போதும். செப்டம்பர், அக்டோபர் மழையில் என்ன பை போட்டாலும் பாதித் தலை அழுகும். பெங்களூரில் கலப்புக்கு உகந்த காலம் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. ஜெர்பரா ஆண்டு முழுவதும் பூக்கிறதே என்று ஆண்டு முழுவதும் கலப்பு செய்ய வேண்டிய அவசியமில்லை.

*1ஆ. தலை காய்ந்து பஞ்சு வெடித்தது, ஆனால் எல்லாம் பொக்கு*

பத்து விதையை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக நின்றால் விதை. தட்டையாகி நொறுங்கினால் பதர். பத்தில் இரண்டு மூன்று கெட்டியாக இருந்தாலே கலப்பு வேலை செய்திருக்கிறது, அளவுதான் குறைவு. பத்தும் பதர் என்றால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

*நேரம் தவறியது.* பொக்கு வந்தால் பத்துக்கு ஏழு முறை இதுதான். ஜெர்பராவில் ஓரப் பூவின் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) முதலில் தயாராகும், அதே தலையின் மகரந்தம் பின்னால் வரும். இதழ் விரிந்த அன்றே தடவினால் சூல்முடி இன்னும் மூடியிருக்கும். ஒரு வாரம் கழித்துத் தடவினால் வறண்டிருக்கும். லென்ஸில் பாருங்கள்: ஒவ்வொரு இதழின் அடியிலிருந்தும் ஒரு மெல்லிய கம்பி எழும்பி நிற்கும். அதன் நுனி பாம்பின் நாக்குபோல இரண்டாகப் பிளந்து, உள்பக்கம் ஈரப் பளபளப்போடு இருந்தால் அதுதான் நேரம். நுனி ஒட்டியிருந்தால் நாளைக்கு வாருங்கள். பழுப்பேறிச் சுருண்டிருந்தால் அந்தத் தலையை விட்டுவிடுங்கள். ஒரே தலையில் எல்லாம் ஒரே நாளில் பிளப்பதில்லை. அதனால் ஒரு தலைக்குத் தொடர்ந்து மூன்று நாள், காலை 9 முதல் 11 மணிக்குள் தடவ வேண்டும். ஒரே நாளில் முடித்துவிட்டு “பண்ணிட்டேனே” என்பதில் பயனில்லை.

நடுவில் மஞ்சள் தூள் கிளம்பிவிட்ட தலையைத் தாயாக (விதை பிடிக்க வேண்டிய பக்கமாக) எடுக்காதீர்கள். அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டிருக்கக்கூடும். விதை பிடித்தாலும் யாருடைய பிள்ளை என்று சொல்ல முடியாது.

*மகரந்தம் செத்திருந்தது.* முந்தின நாள் மழை, அல்லது காலையில் செடிக்கு மேலே தண்ணீர் தெளித்தது. ஈரமான மகரந்தம் கட்டி கட்டியாக ஒட்டும். நல்ல மகரந்தம் கறுப்புத் துணியில் தட்டினால் பொடியாக உதிரும். ஜெர்பராவில் பிரஷ்கூட வேண்டாம். தந்தைத் தலையை அப்படியே பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுப் பொத்தானைத் தாயின் ஓரப் பூக்கள் மேல் வட்டமாக ஒரு சுற்றுத் தேய்த்தால் போதும். பிரஷ்தான் வேண்டும் என்றால் ஒரு தந்தைக்கு ஒரு பிரஷ். இல்லாவிட்டால் அடுத்த கலப்புக்கு முன் ஸ்பிரிட்டில் முக்கி முழுக்கக் காயவிடுங்கள். ஈர ஸ்பிரிட் புது மகரந்தத்தையும் கொன்றுவிடும்.

*இரண்டு செடியும் ஒன்றே.* லால்பாக் பக்கத்து நர்சரிகளில் இரண்டு இடத்தில் இரண்டு சிவப்பு ஜெர்பரா வாங்கியிருப்பீர்கள். இரண்டும் ஒரே திசு வளர்ப்பு ரகத்தின் நகலாக இருக்கலாம். சாமந்தியில் இப்படிச் சேர்த்தால் விதையே பிடிக்காது, தன் மகரந்தத்தை அது ஏற்காது. ஜெர்பராவில் விதை வரும், நாற்று நோஞ்சானாக இருக்கும். சோதிக்க: இரண்டு பூவின் ஒவ்வோர் இதழை ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். நுனி, அகலம், அடிப்பக்க நிறம் மூன்றும் அச்சு அசலாக இருந்தால் ஒரே ரகம் என்றே வைத்துக்கொண்டு வேறு துணையைத் தேடுங்கள்.

*அடுக்குப் பூவில் சூல்முடி புதைந்திருக்கிறது.* பந்து போன்ற சாமந்தியில் இதுதான் வழக்கமான தடை. கே.ஆர். மார்க்கெட்டில் சேவந்திகே என்று குவித்து விற்கும் வகையில் ஓரப் பூக்களே தலை முழுவதும் அடைத்திருக்கும், அவற்றின் சூல்முடி இதழ்க் குழாயின் அடியில் மறைந்திருக்கும். சின்னக் கத்தரியால் இதழ்களை அடியிலிருந்து ஒரு செ.மீ. விட்டுக் கத்தரித்துவிடுங்கள். மூன்று நாலு நாளில் சூல்முடிகள் வெட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும். அப்போது தடவுங்கள். இப்படிப்பட்ட பூவில் மகரந்தம் தேடுவது வீண், அதைத் தாயாக மட்டும் வையுங்கள். தந்தை ஒற்றை அடுக்குச் சாமந்தியாக இருக்கட்டும்.

*செடியே மலடு.* இதைக் கண்டுபிடிக்க, நன்றாக விதை பிடிக்கும் என்று உறுதியான ஒரு செடியை நடுவர் போல வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் செடியைத் தாயாக்கி நடுவரின் மகரந்தம் இரண்டு தலையில். அடுத்து நடுவரைத் தாயாக்கிச் சந்தேகச் செடியின் மகரந்தம் இரண்டு தலையில். ஒரு பக்கம் மட்டும் தோற்றால் அந்தச் செடியை மறுபக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். இரண்டும் தோற்றால் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், கலப்புக்கு ஆகாது.

*இனமே ஒவ்வாது.* ஜெர்பராவின் நிறத்தைச் சாமந்திக்குக் கொண்டுவரும் ஆசை பலருக்கு உண்டு. விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் தூரத்துச் சொந்தம். பல இனம் சேர்ந்து வந்ததற்குச் சாஸ்தா டெய்சியைக் காட்டுவார்கள். கலிபோர்னியாவில் லூதர் பர்பாங்க் அதை 1901இல் வெளியிட்டார். அவர் சேர்த்தவை நெருங்கிய உறவுச் செடிகள், அப்படியும் பதினேழு ஆண்டு பிடித்தது.

ஆள் தேட வேண்டிய கட்டம்: நேரம், மகரந்தம், துணை மூன்றையும் சரிசெய்து, ஆறு தலையாவது தடவியும் ஒரு கெட்டி விதைகூட இல்லை, ஆனால் அந்தக் கலப்புதான் வேண்டும் என்றால். தாவரவியல் துறை உள்ள எந்தக் கல்லூரியிலும் அசிட்டோகார்மைன் சாயம் போட்டு நுண்ணோக்கியில் மகரந்தத்துக்கு உயிர் உண்டா என்று பார்த்துவிடலாம், சின்ன வேலை. கரு உருவாகி நடுவில் சாகிறது என்றால் அதை எடுத்துக் குடுவையில் வளர்க்கத் திசு வளர்ப்பு ஆய்வகம் வேண்டும். அது வீட்டுத் தோட்டக்காரருக்குக் கட்டுப்படியாகிற செலவு இல்லை.

அறிகுறி 2: விதை கெட்டியாக இருக்கிறது, ஆனால் முளைக்கவில்லை

விதையின் வயதைப் பாருங்கள். ஜெர்பரா விதைக்கு ஆயுள் குறைவு. பஞ்சு விரிந்த வாரமே விதைப்பது உத்தமம். டப்பாவில் போட்டு அலமாரியில் நாலு மாதம் வைத்தால் பாதி போயிருக்கும். வைத்தே ஆகவேண்டும் என்றால் பட்டர் பேப்பரில் மடித்து, சிலிக்கா ஜெல் போட்ட பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடுத்து ஆழம். மண்ணில் புதைத்துவிட்டால் முளைக்காது, வெளிச்சம் வேண்டும். கூர்நுனி கீழே, பஞ்சு மேலே வருமாறு செங்குத்தாகச் செருகி, விதையின் தலை லேசாகத் தெரியும்படி விடுங்கள். மேலே வெர்மிகுலைட் தூவினால் மெல்லிய போர்வையாக மட்டும். 20 முதல் 24 டிகிரியில் ஒரு வாரம் பத்து நாளில் முளை தெரியும். ஏப்ரலில் மொட்டை மாடி ஷீட்டுக்கு அடியில் வைத்தால் வெந்துபோகும். அந்த மாதம் தட்டை வீட்டுக்குள் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள்.

மூன்றாவது, கோகோபீட்டில் உப்பு. கட்டியாக வாங்கிய கோகோபீட்டை ஊறவைத்து, பிழிந்து, மூன்று முறை தண்ணீர் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேர் நுனி வெளிவந்ததும் பழுப்பாகி நின்றுவிடும். கழுவுவதற்குக் காவிரித் தண்ணீர் நல்லது. போர் தண்ணீரில் கழுவினால் ஓர் உப்பைப் போக்கி இன்னோர் உப்பை ஏற்றுகிறீர்கள்.

*முளைத்தது, இரண்டு இலையில் சாய்ந்து செத்தது*

தரை மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்திருந்தால் நாற்றழுகல். அதிகத் தண்ணீர், காற்றோட்டமின்மை, பழைய தட்டு, இந்த வரிசையில் காரணம் தேடுங்கள். தட்டை மேலிருந்து நனைக்காமல், தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். பரவுகிறது என்றால் லிட்டருக்கு 2 கிராம் கேப்டான் (பூஞ்சைக்கொல்லி) கரைத்து ஒருமுறை ஊற்றலாம். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை விதைப்புக்கு முன்பே கலவையில் சேர்ப்பது அதைவிட நல்ல வழி. இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள், கேப்டான் அந்தப் பூஞ்சையைக் கொல்லும். தட்டின் மேல் சின்னக் கறுப்பு ஈ சுற்றினால் அதன் புழு வேரைத் தின்கிறது. மேல்பரப்பைக் காயவிட்டு மஞ்சள் ஒட்டு அட்டை வையுங்கள்.

அறிகுறி 3: பிள்ளைகள் எல்லாம் அம்மா மாதிரியே இருக்கின்றன

கலப்பு நடக்கவில்லை, தாய் தன்னையே சூல்படுத்திக்கொண்டது என்பது முதல் சந்தேகம். சைனா ஆஸ்டரில் இது அநேகமாக நிச்சயம். அது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும் செடி. அங்கே மொட்டு விரியும் முன்பே நடுப் பூக்களை இடுக்கியால் முழுவதும் பிடுங்கிவிட்டு, ஓரப் பூக்களை மட்டும் விட்டுப் பை போட வேண்டும். ஒரு தலைக்குக் கால் மணி நேரம் ஆகும். குறுக்கு வழி இல்லை.

ஜெர்பராவில் இதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு. நடுவைச் சுற்றிக் குட்டி இதழ் அடர்ந்த அடுக்கு வகை, ஒற்றை வகைக்கு மேல் ஓங்கி நிற்கும் குணம். ஆகவே ஒற்றை அடுக்குச் செடியைத் தாயாக வைத்து, அடுக்குச் செடியைத் தந்தையாக்குங்கள். பிள்ளைகளில் ஏறக்குறைய பாதியாவது அடுக்காக வரவேண்டும். இருபது பூத்தும் ஒன்றுகூட அடுக்கு இல்லையென்றால் உங்கள் தந்தையின் மகரந்தம் போய்ச் சேரவே இல்லை. தலைகீழாக, அடுக்கைத் தாயாக்கினால் இந்தச் சோதனைக்கு வழியில்லாமல் போகும்.

பை போட்டது எப்போது என்றும் யோசியுங்கள். தடவிய பிறகு போட்ட பையால் பாதிப் பயன்தான். தேனீ அதற்கு முன்பே வந்து போயிருக்கும். இதழ் விரியத் தொடங்கும்போதே பை ஏற வேண்டும்.

*லேபிள் அழிந்து, எது யாருடைய பிள்ளை என்றே தெரியவில்லை*

அந்த நாற்றுகளை வளருங்கள், ஆனால் பெற்றோர் பெயரை ஊகித்து எழுதாதீர்கள். ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். அடுத்த முறைக்கு, தடவிய உடனே தண்டில் ஒரு நிற நூல் கட்டுங்கள், தந்தைக்கு ஒரு நிறம். லேபிளில் தாய் × தந்தை என்ற வரிசை, தேதி. தாய் எப்போதும் முதலில். லேபிளை அணில் பிடுங்கினாலும் நூல் நிற்கும்.

அறிகுறி 4: பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை, நினைத்த நிறம் ஒன்றில்கூட இல்லை

இது கோளாறே இல்லை. ஆனால் கேள்வி அதிகம் வருவது இதில்தான். தோட்டத்து ஜெர்பரா தென்னாப்பிரிக்காவின் இரண்டு காட்டினங்கள் கலந்து, அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கலந்து வந்தது. நீங்கள் வாங்கும் ஒவ்வொரு செடியும் ஏற்கெனவே கலப்பு. அதன் விதையில் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டது போல எல்லாம் வரும். ஆகவே இங்கே பார்க்க வேண்டியது மூன்று.

எத்தனை நாற்று வளர்த்தீர்கள்? பத்துச் செடியில் அதிசயம் எதிர்பார்க்க முடியாது. ஒரு கலப்புக்கு 50 நாற்றாவது பூக்கும்வரை போக வேண்டும். மாடியில் இடமில்லையென்றால் ஐந்து கலப்பை விட்டுவிட்டு ஒரே கலப்பில் 50 வளருங்கள். ஐந்து கலப்பில் பத்துப் பத்தாக வளர்ப்பது எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஆறு அங்குலப் பையில் 50 செடி வைக்க ஏறக்குறைய ஒரு கதவு அளவு இடம் போதும்.

எந்தப் பூவைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னீர்கள்? விதையிலிருந்து ஜெர்பரா பூக்க நாலு முதல் ஆறு மாதம் ஆகும். முதல் பூ பெரும்பாலும் சின்னதாக, தண்டு குட்டையாக, நிறம் வெளிறி வரும். மூன்றாவது பூவுக்கு முன் எதையும் பிடுங்காதீர்கள். நிறத்தை மட்டும் ஏப்ரலிலும் டிசம்பரிலும் இரண்டு முறை பாருங்கள். வெயிலில் வெளுக்கும் இளஞ்சிவப்பு டிசம்பரில் அசத்தும், ஏப்ரலில் துவைத்த துணிபோல இருக்கும். தோட்டத்து ரகத்துக்கு ஏப்ரல்தான் நீதிபதி.

தேடிய குணம் மறைந்திருக்கிறதா? முதல் தலைமுறையில் காணாமல் போனது தொலைந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஒரே கலப்பில் பிறந்த இரண்டு நல்ல பிள்ளைகளை ஒன்றோடொன்று சேருங்கள், அல்லது அந்தக் குணமுள்ள பெற்றோரோடு திரும்பச் சேருங்கள். ஜெர்பராவில் மறைந்த ஒற்றைக் குணம் முதல் வழியில் நாலில் ஒன்றாகத் திரும்பி வர வாய்ப்புண்டு. சாமந்தி, ஜெர்பராவைப்போல இரண்டு தொகுதி அல்ல, ஆறு தொகுதி குரோமோசோம் உள்ள செடி. அங்கே அதே குணத்துக்கு இன்னும் எத்தனையோ மடங்கு நாற்று வேண்டும். முதல்முறை முயல்பவர்கள் சாமந்தியில் தொடங்கி நொந்துபோவதற்கு இதுவே காரணம்.

பிடுங்குவதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. 50இல் மூன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பெயர் மட்டும் வைத்துக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 5: செடி செழித்திருக்கிறது, பூ மட்டும் வரவில்லை

*சாமந்தி:* இரவு அதற்கு முழு இருட்டு வேண்டும். பெங்களூருக்கு வடக்கே தோட்டங்களில் விவசாயிகள் இரவில் பல்ப் எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் மாடிக்கு எதிரே உள்ள தெருவிளக்கு அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறது. இரவு பத்து மணிக்குச் செடியருகே ஒரு செய்தித்தாளைப் பிரியுங்கள். தலைப்பு எழுத்தைப் படிக்க முடிந்தால் வெளிச்சம் அதிகம். விளக்குக்கு மறைவான மூலைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் மாலை 5 முதல் மறுநாள் காலை 7 மணி வரை கறுப்புத் துணி போட்டு மூடி, மொட்டில் நிறம் தெரியும்வரை விடாமல் தொடருங்கள். நடுவில் நாலு நாள் விட்டால் முதலிலிருந்து.

*ஜெர்பரா:* நிழல், அதிக யூரியா, புதைந்த குருத்து. நாலு மணி நேர நேர் வெயிலாவது வேண்டும். இலை தட்டுபோல் அகலமாய், கரும்பச்சையாய் இருந்தால் தழைச்சத்து கூடிவிட்டது. ஒரு மாதம் நிறுத்திவிட்டுச் சாம்பல்சத்து கொடுங்கள். குருத்து மண்ணுக்கு மேலே ஒரு விரல் தெரிய வேண்டும்.

*சாஸ்தா டெய்சி:* பல ரகங்களுக்குப் பூக்கக் குளிர் வேண்டும். பெங்களூர் ஜனவரியின் 15 டிகிரி இரவு அதற்குப் போதாது. இங்கே பூக்காத செடியை வற்புறுத்துவதைவிட, இங்கே பூத்த செடியிலிருந்து மட்டும் விதை எடுங்கள். பூக்காத பெற்றோரின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு காத்திருப்பது பக்தி, தோட்டக்கலை அல்ல.

*புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, பூ குறைவு:* போர் தண்ணீரின் சுண்ணாம்பு ஏறி வேர் இரும்பை எடுக்க முடியாமல் தவிக்கிறது. ஜெர்பராவுக்கு மண்ணின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். சோதனைக் காகிதத்தில் 7.5 காட்டினால் சாதாரண இரும்பு உப்பு எடுபடாது. இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்பைப் பாக்கெட்டில் உள்ள அளவில் ஊற்றி, மழைத் தண்ணீருக்கு மாறுங்கள்.

அறிகுறி 6: விசித்திரமான பூ வந்திருக்கிறது. புது ரகமா, நோயா?

உற்சாகப்படுவதற்கு முன் லென்ஸை எடுங்கள். பச்சைப் பூ, கோடு விழுந்த பூ என்று கொண்டாடப்படுபவற்றில் பெரும்பாலானவை நோயாளிகள்.

*பூவே பச்சையாகி, இதழ் இருக்க வேண்டிய இடத்தில் குட்டி இலை, செடி முழுவதும் மெல்லிய குச்சிக் கிளை:* பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகைக் கிருமி. தத்துப்பூச்சி பரப்பும். மருந்து கிடையாது. அன்றே வேரோடு பிடுங்கி மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள். அதன் மகரந்தத்தையும் விதையையும் ஆசைப்பட்டு எடுக்காதீர்கள், பக்கத்துச் செடிகளை ஒரு மாதம் கண்காணியுங்கள்.

*இதழில் வெள்ளைக் கீறல், ஒரு பக்கம் மட்டும் குட்டை:* பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டுங்கள். மெல்லிய கோடுகள் ஓடினால் இலைப்பேன். நீல ஒட்டு அட்டை வையுங்கள், மாலையில் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

*இளம் இலை ஓரம் சுருண்டு, தொட்டால் கெட்டியாய் நொறுங்குகிறது, பூ கோணல்:* முரணைச் சிலந்தி. கண்ணுக்குத் தெரியாது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், உச்சி வெயிலில் அடிக்கக் கூடாது. வேப்பெண்ணெய் அடித்திருந்தால் கந்தகத்துக்கு இரண்டு வாரம் பொறுங்கள், இரண்டும் சேர்ந்தால் இலை பொசுங்கும்.

*நிறத்தில் ஒழுங்கற்ற திட்டு, இலையிலும் மங்கல் வளையம்:* வைரஸாக இருக்கலாம். செடியைத் தனியே பத்தடி தள்ளி வைத்து, பூச்சியைக் கட்டுப்படுத்தி, அடுத்த மூன்று பூவைப் பாருங்கள். மூன்றும் சரியாக வந்தால் பூச்சிதான் காரணம். திட்டு தொடர்ந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், இலையை ஈரமில்லாமல் காகிதப் பையில் போட்டு ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்திலோ ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலோ காட்டுங்கள். வைரஸ் உள்ள ரகத்தைப் பெருக்கிக் கொடுப்பது ஊருக்கே நோயைக் கொடுப்பது.

*ஒரே ஒரு கிளையில் மட்டும் வேறு நிறம், இலை சுத்தம், பூச்சி இல்லை:* இதுதான் உண்மையான அதிர்ஷ்டம். சாமந்தியில் இப்படி மொட்டு மாறுவது சகஜம். அந்தக் கிளையிலிருந்து மட்டும் 5 செ.மீ. நுனி வெட்டி ஐந்தாறு பதியம் போடுங்கள். தாய்ச் செடியின் மற்றக் கிளைகள் அதை அமுக்கிவிடும் முன் இதைச் செய்ய வேண்டும். பதியங்களில் சில பழைய நிறத்துக்கே திரும்பும். திரும்பாதவற்றிலிருந்து மறுபடி வெட்டி, இரண்டு பருவம் நிலைத்தால்தான் ரகம். இந்த வகையைத் திசு வளர்ப்புக்கு அனுப்புவது ஆபத்து. மேல்தோல் அடுக்கு மட்டும் மாறியிருந்தால் குடுவையில் நிறம் கலைந்துவிடும்.

அறிகுறி 7: தேர்ந்தெடுத்த செடியைப் பிரித்தால் சாகிறது, அல்லது மாறிவிடுகிறது

மாறிவிடுகிறது என்பவர்களிடம் முதல் கேள்வி: விதையிலிருந்து பெருக்கினீர்களா? ஜெர்பரா, சாமந்தி, சாஸ்தா மூன்றிலும் ரகம் நிற்பது பிரித்து நடுவதிலும் பதியத்திலும்தான். விதையில் நிற்கும் ரகம் வேண்டுமானால் சைனா ஆஸ்டரில் பல தலைமுறை தேர்வு செய்ய வேண்டும். ஹெசரகட்டாவிலிருந்து வந்த காமினி, பூர்ணிமா, சஷாங்க் ரகங்கள் விதையில் நிற்பவை.

சாகிறது என்றால் குருத்தைக் கிள்ளிப் பாருங்கள். பழுப்பாய், நீர் கோத்து, இலை இழுத்ததும் கையோடு வந்தால் குருத்தழுகல். ஆழமாக நட்டதும், பிரித்த காயம் ஆறும் முன் ஊற்றிய தண்ணீரும் காரணம். பிரிக்கும் கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். துண்டு ஒன்றுக்கு ஒரு குருத்தும் இரண்டு மூன்று தடித்த வேரும் இருக்க வேண்டும். பெரிய இலைகளைப் பாதியாக வெட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் நிழலில் காயவிட்டு நட்டு, இரண்டு வாரம் 50 சதவீத நிழல் வலைக்குக் கீழ் வையுங்கள். வயதுக்கு வராத செடியைப் பிரிக்காதீர்கள், ஒரு வயதாவது ஆக வேண்டும். அழுகிய செடி இருந்த மண்ணை மறுபடி டெய்சிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

உங்கள் மூன்று நல்ல செடிகளையும் ஒரே மாடியில் வைத்திருக்கிறீர்களா? அல்சூரில் ஒன்று, உறவினர் வீட்டில் ஜெயநகரில் ஒன்று என்று ஒவ்வொன்றின் நகலையும் வேறு இடத்தில் வையுங்கள். டேங்க் வழிந்து ஒரே இரவில் எல்லாம் போவது நடக்கக்கூடியதுதான்.

நூறு இருநூறு செடி தேவை என்ற கட்டத்தில் திசு வளர்ப்பு ஆய்வகத்தை அணுகுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: எத்தனை முறை மறுவளர்ப்பு (குடுவை மாற்றிப் பெருக்குவது) செய்வார்கள், வைரஸ் சோதனை உண்டா, முதல் 20 செடி பூத்துப் பார்த்த பிறகு மிச்சத்தைத் தருவார்களா. மூன்றாவதற்கு மழுப்பினால் வேறு ஆய்வகம்.

அறிகுறி 8: பதிவு செய்யப் போனால் இடிக்கிறது

புது ரகத்தைப் பதிவு செய்வது தாவர ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001இன் கீழ். ஆணையம் டெல்லியில் இருக்கிறது. முதலில் உங்கள் செடியின் இனம் அறிவிக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். சாமந்தி உண்டு. மற்றவற்றுக்கு அன்றைய பட்டியலைச் சரிபார்க்காமல் விண்ணப்பத்தில் கைவைக்காதீர்கள்.

விற்றுவிட்டீர்களா? இந்தியாவில் விற்கத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ‘புதியது’ என்ற தகுதி போய்விடும். கண்காட்சியில் வைப்பதற்கும் விற்பதற்கும் வித்தியாசம் உண்டு. லால்பாக் ஆகஸ்ட் மலர்க் கண்காட்சியில் காட்டிவிட்டு, அங்கேயே நாலு தொட்டியைக் காசுக்குக் கொடுத்த நாளைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

பெற்றோர் பாதுகாக்கப்பட்ட ரகமா? சட்டத்தின் 30ஆம் பிரிவு புது ரகம் உருவாக்கத் தொடக்கப் பொருளாக அதைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை விற்பனை விதை எடுக்கவும் அந்தப் பெற்றோரே திரும்பத் திரும்ப வேண்டும் என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட ரகத்தில் மொட்டு மாறி வந்தது என்றால் விவகாரம் இன்னும் சிக்கல், அது அந்த ரகத்தின் வழிவந்ததாகக் கருதப்படலாம். இந்த இடத்தில் தாவர ரகப் பதிவு தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள், பொது நோட்டரி போதாது.

தனித்தன்மை, ஒருமைப்பாடு, நிலைத்தன்மை இந்த மூன்று சோதனையில் வீட்டு ரகங்கள் அதிகம் விழுவது இரண்டாவதில். இருபது தொட்டியை வரிசையாக வைத்துப் படம் எடுங்கள். கண்ணில் ஒன்று உறுத்தினாலும் அதை நீக்கிவிட்டு இன்னொரு பருவம் பெருக்குங்கள். பதிவு கிடைத்தால் மரம், கொடி அல்லாத பயிருக்குப் பாதுகாப்பு மொத்தம் 15 ஆண்டு. கலப்புத் தேதியும் நூல் நிறமும் எழுதிய அந்தப் பென்சில் நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். விண்ணப்பத்தில் பெற்றோர் விவரம் கேட்பார்கள்.